வலக்கால் வால்ட்ஸ்

முதலில் கடிதங்கள்.
பங்குப்பேரவைக்கு ஒன்று, நகராட்சிக்கு ஒன்று,
காவல் நிலையத்துக்கு ஒன்று.
அங்கே ரைட்டர் தாணுமாலயன்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி,
"ஜோடி நடனம்னு எழுதாதீங்க சிஸ்டர்,
உடற்பயிற்சின்னு எழுதுங்க" என்றார்.
எழுதினேன்.

ஞாயிறு காலை ஐந்து மணி,
குளச்சல் மீன் ஏலக்கூடம்.
சர்க்கரை, ரத்த அழுத்தம், எடை,
பிறகு உடற்பயிற்சி.

சனி இரவே தரையைக் கழுவினோம்,
மூன்று தண்ணீர், ஒரு பாக்கெட் சோப்புப்பொடி.
நெத்திலி வாசம் போகவில்லை.
போகாது.

சொல்லிக்கொடுக்க வந்தவன் ததேயுஸ்.
பதினோரு வருடம் உல்லாசக் கப்பலில்
மது மேசைக்குப் பின்னால் கிளாஸ் துடைத்தவன்.
வால்ட்ஸ் தெரியும், டாங்கோ தெரியும்,
ஃபாக்ஸ்ட்ராட் என்று சொன்னதும்
யாரோ சிரித்ததால் அதை விட்டுவிட்டான்.
"ஒண்ணு பெரிசு. ரெண்டும் மூணும் சிறிசு.
அவ்வளவுதான்."

நாற்பத்து மூன்று பேர் வந்திருந்தார்கள்.
ஆண்கள் ஒன்பது. அதில் ஆறு பேர்
விரலில் குத்திய பஞ்சோடு
சாயா குடிக்கப் போனார்கள், திரும்பவில்லை.
ஒற்றைப்படை வந்தால் நான் சேர்வதாக ஏற்பாடு.
எனக்குக் கிடைத்தது சுலைகா பீவி.
என் காலை மிதிக்கும்போதெல்லாம்
"அல்லா" என்றாள்; நான் "ஏசுவே" என்றேன்.

பனியடிமை மட்டும் அசையவில்லை.
எதிரே நிற்பது பிரஜிதா,
முப்பத்திரண்டு வருட மனைவி, நான்கு பிள்ளைகள்.
கையைப் பிடிக்கச் சொன்னால்
"ஆளுவ நிக்காவல்லா" என்கிறார்.
ததேயுஸ் தன் தோளில் கிடந்த துவர்த்தை எடுத்து
ஒரு முனையை அவரிடம், மறுமுனையை அவளிடம் கொடுத்தான்.
துவர்த்து விறைத்தது. தொய்ந்தது. மறுபடி விறைத்தது.
"கொள்ளாம்" என்றது ஒரு குரல்.

பின்னோக்கி நடப்பதுதான் சிரமம் என்று
குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தேன்.
கரமடி இழுத்த கால்களை நான் நினைக்கவில்லை.
கயிறு வந்தால் மணலில் எப்படிப் பின்வாங்குவாரோ
அப்படியே பின்வாங்கினார், குதிகால் தேடாமல்.
பெண்களுக்குக் கழுத்தை நிமிர்த்தச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.
கடவம் சுமந்த கழுத்துகள்.
டாங்கோவில் வெடுக்கென்று முகம் திருப்பும்போது
பேரம் படியாத வாடிக்கைக்காரியை விட்டு நகர்வதுபோல்
அத்தனை பொருத்தம்.

ஐந்தாம் ஞாயிறு, வாசலில் ஒருத்தி.
ஆன்சி மெர்லின், பெரியவிளைக்கு வந்த புது மருமகள்,
நாகர்கோவிலில் காசு கொடுத்துப் படித்தவள்.
கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மெதுவாக,
"ஆணுக்கு இடக்கால்தானே முதலில்?
கை மாறியிருக்கு. சுத்துற திசையும் மாறியிருக்கு.
எல்லாமே தலைகீழ்."

ஸ்பீக்கரை நிறுத்தினேன்.
ததேயுஸ் தரையைப் பார்த்தபடி சொன்னான்:
"விருந்தாளிகளை நேரா பாக்கப்படாது, அங்க அது சட்டம்.
முதுகு காட்டி நிப்பேன்.
குப்பிகளுக்குப் பின்னால நீளமா ஒரு கண்ணாடி.
அதுல பாத்தது."

பதினோரு வருடம்.
ரம்முக்கும் ஜின்னுக்கும் நடுவிலிருந்த இடைவெளியில்.

"மாத்திச் சொல்லித் தாறேன்" என்றான்.
பிரஜிதா முந்தானையை இடுப்பில் செருகினாள்.
"நாலு ஞாயிறு மெனக்கெட்டாச்சு.
இனி வேணும்னா அவிய மாத்தட்டு."
ஆன்சி மெர்லினைத்தான் பாவம் என்று நினைத்தேன்.
அவளோ செருப்பைக் கழற்றிவிட்டுச்
சுலைகா பீவியின் கையைப் பிடித்திருந்தாள்,
தப்பான கையை.

பிரஜிதாவுக்குச் சர்க்கரை இருநூற்றுப் பன்னிரண்டிலிருந்து
நூற்று எண்பத்தாறு.
மாத்திரையாலா, வால்ட்ஸாலா, தெரியாது.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
துவர்த்து அன்று ஜன்னல் கம்பியில் கிடந்தது.
யாரும் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

ஆறு மணிக்கு இடத்தைக் காலிசெய்ய வேண்டும்.
ஐஸ் லாரி வந்துவிட்டது, பின்னோக்கி.
பனியடிமை வேட்டியை மடித்துக் கட்டி ஓடினார்,
வியர்வையோடு, இன்னும் மூச்சு வாங்க,
டிரைவருக்குக் கைகாட்டி:
"வலத்தே ஒடி... வலத்தே...
இன்னும் கொஞ்சம் வலத்தே..."