ஒன்பதில் தொடங்கும் தெரு

இந்தத் தெரு ஒன்பதாம் எண்ணில் தொடங்குகிறது.
ஒன்றிலிருந்து எட்டு வரை
கீழே போய்விட்டன.
கீழே என்றுதான் சொல்வோம் இங்கே,
கடல் என்று சொல்வதில்லை.

பதினோரு வருடமாக நான்
ஹோல்டர்னஸ் கரையில் தபால் கொடுக்கிறேன்.
கடித்து வைத்த ரொட்டிபோல் தார்ச்சாலை முடியும் இடத்தில்
வண்டியைத் திருப்ப வேண்டும்.
முன்பு இரண்டு முறை ஒடித்தால் போதும்.
இப்போது ஐந்து.

பாறை என்று இங்கே ஏதுமில்லை.
பனியாறு வழியெல்லாம் சுரண்டி வந்து
போட்டுவிட்டு உருகிய களி.
நார்வேக் கல்லும் ஸ்காட்லாந்துக் கல்லும்
ஒரே சேற்றில் ஒட்டிக் கிடக்கும்.
அலை கேட்டால் மறுக்கத் தெரியாத மண்.

அலையும் நேராக வருவதில்லை.
வடகிழக்கிலிருந்து சாய்ந்து ஏறும்,
நேராக இறங்கும்.
ஏறும்போது ஒரு கூழாங்கல் தெற்கே ஒரு முழம்.
மறுபடி ஏறும்போது
இன்னொரு முழம்.
இரவில் அந்த உருளல் கேட்கும்,
யாரோ பட்டாணி சலிப்பதுபோல்.

ராய்ஸ்டன் ஹார்கர், எண் ஒன்பது,
நான் போகும் நேரம் அளந்துகொண்டிருப்பார்,
பின்வாசல் படியிலிருந்து விளிம்புவரை,
மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்ட நீலக் கயிற்றால்.
மார்ச்சில் பதினான்கு.
ஜூனில் பதினான்கு. ஆகஸ்டிலும்.
"களைத்துவிட்டது போல" என்றார்.

அக்டோபரில் கரைமணல் காணாமல் போனது.
ஓர்ட் என்பார்கள் இதை:
மணல் விலகி, களியின் கால் தெரியும் பள்ளம்.
பள்ளமும் நடக்கும், மெல்ல, தெற்கே.
எந்த வீட்டின் எதிரே நிற்கிறதோ
அந்தக் குளிர்காலம் அந்த வீட்டுக்கு.

நவம்பர் காருவா. ஓதம் ஏறியது.
உச்சியை அலை தொடவே இல்லை,
அடியை மட்டும் தின்றது.
மூன்று நாள் மழை குடித்திருந்த நிலம்
முழங்கால் மடங்கி
உட்கார்ந்தது.
பெரிய சத்தமில்லை,
நனைந்த மெத்தையைத் தரையில் போட்டதுபோல்.
காலையில் கயிற்றில் ஐந்து முடிச்சு மிச்சம்.

எண் மூன்றுக்கு இன்னும் கடிதம் வருகிறது.
மேவிஸ் பிளென்கின் அம்மையாருக்கு,
பல் மருத்துவரிடமிருந்து, காப்பீட்டுக்காரரிடமிருந்து.
"இந்த முகவரியில் இல்லை" என்று முத்திரை குத்துவேன்.
முகவரியே இல்லை என்பதற்கு
முத்திரை கிடையாது.

வடக்கே ஊரில் பாறை கொட்டி, மரத்தடுப்பு கட்டி
மணலைப் பிடித்து வைத்திருக்கிறார்கள்.
எங்களுக்கு வரவேண்டிய மணல்.
அதன்மேல் நாற்காலி போட்டு ஐஸ்கிரீம் விற்கிறார்கள்.
கோபம்தான்.
ஆனால் என் தங்கை வீடு அங்கே இருக்கிறது.

ஒரு விடுமுறையில் ஸ்பர்ன் போனேன்.
கொக்கின் கழுத்துபோல் நிலம்
இடப்பக்கம் வடகடல், வலப்பக்கம் ஹம்பர் ஆறு.
நடுவே ஒரு இடத்தை ஓதம் தாண்டும்.
நேரம் பார்த்து நடக்க வேண்டும்.
காலடியில் ஒரு செங்கல்,
மூலைகள் போய், பன்போல் உருண்டிருந்தது.
பக்கத்தில் நீலப்பூப் போட்ட குளியலறை ஓடு.
எண் இரண்டாக இருக்கலாம்.
எந்த ஊர் எண் இரண்டோ.

ஆற்றுப்பக்கம் சேற்றுவெளி.
ஏறிய நீர் திரும்பலாமா என்று தயங்கும் அந்தச் சில நிமிடம்
கலங்கலில் இருந்தது படிகிறது,
ஒரு தாள் கனம்கூட இல்லை.
அதில்தான் உவரிப்பூண்டு வேர் விடுகிறது.
உள்ளான்கள் கூட்டமாக இறங்கி
குத்திக் குத்தித் தின்றன
எங்கள் கொல்லைப்புறங்களை.
நன்றாகக் கொழுத்திருந்தன.

ஜனவரியில் ஹார்கர் முகவரி மாற்றப் படிவம் கேட்டார்.
காரணம் என்ற கட்டத்தில்
பேனாவை வெகுநேரம் வைத்திருந்தார்,
பிறகு காலியாகவே தந்தார்.
கயிற்றை எண் பத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனார்,
வாடகை குறைவென்று புதிதாகக் குடிவந்த
யொலாந்தாவுக்கு.

அவள் அதைத் துணி காயப்போடக் கட்டியிருக்கிறாள்.
முடிச்சுக்கு முடிச்சு ஒரு சட்டை.
வழுக்காமல் இருக்க வசதி என்றாள்.
இன்று காற்று வடகிழக்கு.
சட்டைகள் எல்லாம்
தெற்கே சாய்ந்து நிற்கின்றன.