இணைக்கொம்பு

கலெக்டர் ஆபீஸ் வாசலில், வேப்பமரத்தடியில்,
என் டைப்ரைட்டருக்கு இணைக்கொம்பு விழாது.
மதுரை என் தாளில் எப்போதும் மதுர.
யாரும் குறை சொன்னதில்லை,
இங்கே வாயிலும் அப்படித்தான்.

ஒச்சம்மாள் வருவது திங்கள்கிழமை,
பெரியாஸ்பத்திரியில் ராத்திரி முழுக்க வார்டு துடைத்துவிட்டு
பினாயில் மணக்கிற கையோடு.
கேட்பது ஒன்றே ஒன்று:
உசிலம்பட்டி பஸ்
நொச்சிப்பட்டி விலக்கில் நிற்க வேண்டும்.
நிற்பதில்லை.
அடுத்த ஸ்டாப்பில் இறங்கி
ரெண்டு மைல் திரும்பி நடக்கிறாள்.
இது முப்பத்தெட்டாவது மனு.

இன்றைக்குப் புதிதாக ஒன்று:
"உள்ள கிளார்க் சொன்னாரு,
ஒனக்கு ரொம்ப வைராக்கியம்னு.
திட்டுனாரா, மெச்சுனாரா?
எதுவா இருந்தாலும் அதையும் சேர்த்து அடிங்க."

அடித்தேன்.
வராக்கியம் என்று விழுந்தது.
வந்தும் வராத அவள் பஸ் மாதிரி.

அட்டை போன அகராதி ஒன்று
கார்பன் தாளுக்கு அடியில் கிடக்கிறது.
எடுத்துப் புரட்டினேன்.
வைரம், பகை.
வைரம், மரத்தின் நடுவே கறுத்து இறுகி
கோடாலி தெறிக்கிற இடம்.
இந்த இரண்டில் ஒன்றின் வயிற்றுப் பிள்ளை என்றுதான்
முப்பது வருஷமாக நம்பியிருந்தேன்.
இல்லையாம்.
ராகம் என்றால் சாயம், பற்று.
அது கழன்ற நிலையாம் வைராக்கியம்.
எல்லாவற்றையும் உதறிவிட்டு
காட்டுக்குப் போனவனுடைய சொல்.

அது எந்த விலக்கில் இறங்கி
விடாதவர்கள் கையில் மாட்டியது?
எங்கள் பக்கம் வைராக்கியம் என்றால்
அண்ணன் வீட்டில் பச்சைத்தண்ணி குடிக்காதவள்,
அரை சென்ட் வரப்புக்கு
மூன்று வக்கீல் மாற்றியும் கேஸை விடாதவன்.

முதல் மனுவுக்கு அழுதாள் ஒச்சம்மாள்.
ஒன்பதாவதில் டிரைவரின் ஆத்தாளை இழுத்தாள்,
அதை நான் அடிக்கவில்லை.
இருபதுக்கு மேல் சத்தமே இல்லை.
பதில் வந்ததா என்று கேட்பதைக்கூட
எப்போதோ நிறுத்திவிட்டாள்.
சாயம் போன யூனிஃபார்ம் சேலை,
நான்காய் மடித்த ரசீதுகள்.
வருகிறாள்.

அகராதியை மூடி வைத்தேன்.

பேனா எடுத்து இணைக்கொம்பு போடப்போனால்
தாளை இழுத்துக்கொண்டாள்.
"மை இழுகிரும், இருக்கட்டும்.
இன்னொரு காப்பி அடிச்சு வச்சிருங்க,
அடுத்த வாரத்துக்கு.
தேதி மட்டும் விட்டுருங்க."