ஏழாம் மாத ஒலிப்பதிவு

ஜெலுத்தோங்கில், கார் பேட்டரிக் கடைக்கு மேல்மாடி.
சுவரெல்லாம் முட்டை அட்டை.
ஏர்கோன் இரைச்சல் மைக்கில் விழுமென்று அணைத்துவிட்டோம்.
டீ-ஷர்ட்டில் இருந்த மண்டையோடு
வியர்வையில் என் வயிற்றோடு ஒட்டிக்கொண்டது.

பதினோரு வருஷம் ‘சாம்பல் வாரியம்’ என்ற பெயருக்குள் நின்று
கத்தியிருக்கிறேன்.
இப்போது உறையில் என் பெயர் மட்டும்:
குணவதி.
மெட்டலுக்கு இந்தப் பேரா என்று சிரித்தான்
உறை வரைகிற பையன்.
அப்பா வைத்தது, அப்படியே போடு என்றேன்.

பகலில் பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறை.
நெஞ்சைத் தகட்டில் அழுத்துங்கள், தாடை மேலே,
மூச்சை இழுங்கள்,
பிடியுங்கள்.
தாரெக் நஃபாஸ். தாஹான்.
ஒரு நாளைக்கு அறுபது பேருக்குச் சொல்வேன்.
சொல்லும்போது என் குரல்
பால் கலக்காத தேநீர் மாதிரி இருக்கும்.
அதே தொண்டைதான்.

தனி ஆல்பம் என்று பேர்.
வந்தவர்கள் ஒன்பது பேர்.

லிம் பூன் கியாட் டபுள் பெடலை
மகளின் பள்ளிப் பையில் வைத்துக் கொண்டுவந்தான்.
ஆறு மணிக்கு அவளை டியூஷனிலிருந்து ஏற்ற வேண்டும்,
அதனால் இரண்டாம் பாட்டு
நான் நினைத்ததைவிட வேகம்.
ஹைருல் பாஸை இறக்கி வைத்துவிட்டு மக்ரிப்புக்குப் போனான்,
திரும்பும்போது எல்லாருக்கும் நாசி கண்டார்,
குழம்பு பிரித்துக் கட்டியது.
புக்கிட் மெர்தாஜாம் உறுமிக்காரன் கவியரசன்
ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கேட்டான்:
“அக்கா, இந்த இடத்தில எந்த சாமி இறங்கணும்?”
சாமி இல்லடா, இது வீட்டு வாடகையப் பத்தின பாட்டு.
கொஞ்சம் யோசித்தான்.
வளைந்த குச்சியைத் தோலில் அழுத்தித் தேய்த்தான்.
வாடகையே இறங்கி வந்து
எலுமிச்சம்பழம் கேட்டது.

எட்டாம் பாட்டின் நீண்ட அலறலில் நான் இருந்தபோது
ஜன்னல் வழியே இன்னொருத்தி உள்ளே வந்தாள்.
ஹொக்கியன் காதல் பாட்டு,
என் சுருதிக்குக் கொஞ்சம் கீழே.
எதிர்த் திடலில் ஏழாம் மாத மேடை.
மறுபடி எடுப்போம் என்றார் ஒலிப்பதிவாளர்.
நான் ஜன்னலுக்குப் போனேன்.
ஜிகினாப் பாவாடையில் ஐம்பது வயதுக்காரி
காலியான முன்வரிசையைப் பார்த்துக் கையாட்டிப் பாடுகிறாள்.
சிவப்பு நாற்காலிகள், செத்தவர்களுக்கு ஒதுக்கியவை.
அந்த மாதிரி வரிசைகளுக்கு நாங்களும் பாடியிருக்கிறோம்,
ஈப்போவில், கூலிமில், ஒருமுறை சிரம்பானில்.
யாருக்கென்று
எங்களுக்குத்தான் யாரும் சொல்லவில்லை.
இருக்கட்டும் என்றேன். அழிக்க வேண்டாம்.

கடைசியில் ஜோதிநாதன்.
வாரியத்தை உடைத்தவன்.
அவன் சொல்கிற கதையில் உடைத்தது நான்.
நாலு வருஷம் பேசாமல் இருந்துவிட்டு
போன மாதம் தோள்பட்டைப் படத்துக்கு
என் அறைக்கே வந்து நின்றான்,
கையில் நாற்பத்தோராம் நம்பர் சீட்டு.
எல்லாரிடமும் கேட்பதைத்தான் கேட்டேன்:
உடம்பில் மெட்டல் ஏதாவது இருக்கா?
“கொஞ்சம் மிச்சம் இருக்கு” என்றான்.

ஏழாம் பாட்டில் அவனுக்கென்று ஒரு நிமிஷம் விட்டிருந்தேன்,
பழைய வேகத்தை மனதில் வைத்து.
கை மேலேறவில்லை.
நாலே நாலு சுரம் வாசித்தான்.
இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவில்
நாற்காலி கிறீச்சிட்டது.
நாலாவது தேய்ந்து தேய்ந்து
ஆம்பின் இரைச்சலாக ஆகும்வரை
விரலை எடுக்கவில்லை.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம்
யாரும் சொல்லாமலே நான் மூச்சைப் பிடித்திருந்தேன்.

பேர் போடாதே என்றான் படியிறங்கும்போது.
நாலு சுரத்துக்கெல்லாம் பேரா.

மேடைப் பாட்டுக்காரியின் பேர் கேட்கப் போனேன்,
திடலில் சாம்பலும் நாற்காலித் தடங்களும்தான்.
‘எதிர்த் திடல் அம்மா’ என்று போட்டோம்.
இருநூறு பிரதி வந்துவிட்டது,
பேட்டரிப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் அடுக்கியிருக்கிறது.
பின்னட்டையில், ஏழாம் பாட்டுக்கு நேரே:
நாற்காலி: ஜோதிநாதன்.

ஒன்று அனுப்பினேன். இன்னும் கூப்பிடவில்லை.
அடுத்த செவ்வாய்
அவன் தோளுக்கு மறுபடம்.