சொன்னது சொன்னபடி

இரவு பத்தரை. மேசையில் மூன்று பிரதி,
நடுவில் இரண்டு கரித்தாள்.
வெளியேற்றப்பட்ட வீரர்: அன்ரன் றொக்சன்.
சட்டை இலக்கம் பதினாறு.
நிமிடம் எழுபத்தொன்று.
இதுவரை சுகம்.
பகலில் காணிக் கந்தோரில்
வடக்கெல்லை ஒழுங்கை, கிழக்கெல்லை பனை வடலி என்று
எழுதிப் பழகிய கை.

முதல் மஞ்சள், முப்பத்தெட்டில்.
கோல் அடித்தவன் சட்டையைக் கழற்றிச் சுழற்றினான்.
கழற்றினால் மஞ்சள்.
ஏன் கழற்றினாய் என்று விதி கேட்காது.
வலது தோளில் வலைக்கயிறு இழுத்த தழும்பு
வெயிலில் மினுங்கியது.
பார்த்தேன்.
பார்த்துக்கொண்டே பெயரைக் குறித்தேன்.

இரண்டாவது அதைவிடச் சின்னது.
விசில் ஊதிய பிறகு பந்தைத் தட்டிவிட்டான்.
உதைத்தான் என்று சொன்னால் பாவம்.
பந்து உருண்டு போய்
ஐஸ்கிறீம் வானுக்குக் கீழே நின்றது.
திரும்பி வர நாற்பது செக்கன்.
மஞ்சளைக் காட்டினேன், அதே கையால்
பின் பையிலிருந்து சிவப்பை.

பாசையூர்க் கரை ஒரு கணம் பள்ளிக்கூடமானது.
பிறகு ஊரானது.
"உவருக்கு ஒரு கண்ணாடி வாங்கிக் குடுங்கோ,
காசு நான் தாறன்" என்றது ஒரு குரல்.
அதை எழுதத் தேவையில்லை.
வேலிக்கு வெளியே நிற்பவர்கள் எதுவும் சொல்லலாம்.

வெளியேற்றப்பட்டவன்
உடுப்பு மாற்றும் அறைக்குப் போகவேண்டுமாம்.
எங்களுக்கு அறை ஏது.
வேலியோடு ஒரு பூவரசு,
அதற்கங்கால் வள்ளங்கள்,
அதற்கங்கால் கடல்.
எவ்வளவு தூரம் நடந்தால் அவன் வெளியே?

நடக்கும்போது திரும்பி ஒன்று சொன்னான்.

பன்னிரண்டாம் கூடு, பொடி எழுத்தில்:
சொன்ன சொல்லைச் சொன்னபடியே எழுதுக.
தகாத வார்த்தை என்று மழுப்பக் கூடாது.
வியாழக்கிழமை ஒழுக்காற்றுச் சபை கூடும்,
தேத்தண்ணியோடு சொல்லை நிறுத்துப் பார்க்கும்:
தீர்ப்பை ஏசினால் இரண்டு ஆட்டம்,
என்னை ஏசினால் நான்கு,
என் தாயை ஏசினால் ஆறு.
ஆறு என்றால் அவனுக்கு இந்த வருசம் முடிந்தது.

"உன்ர" என்று தொடங்கியது. அது நிச்சயம்.
பிறகு சோளகம்.
பிறகு ஒலிபெருக்கி,
வழியை மறித்து நின்ற மோட்டார் சைக்கிளின் இலக்கத்தை
இரண்டு தரம் வாசித்தது.
மிச்சத்தை அவன் உதட்டில் பார்த்தேன்.
பார்த்தேனா?

வீடு வரும்வரை அந்தச் சொல் முழுசாக இருந்தது.
சைக்கிள் செயின் அதையே சொல்லிக்கொண்டு வந்தது.
புட்டு தொண்டையில் நின்றது.
பேனையைத் திறந்த பிறகுதான் பிடிபடுகிறது:
பின்பாதி என்னுடையது.
றொக்சன் பிறக்க முந்தி, இதே கரையில்,
கொடி பிடித்தவர் ஒருவரைப் பார்த்து நான் சொன்னது.
அவர் காது கேளாதவர் போல் நின்றார்.
யாரும் குறிக்கவில்லை.
இத்தனை காலம் எங்கே கிடந்ததோ,
இன்றைக்கு ஒரு பெடியனின் வாயில் ஏறிவிட்டது.

உன்ர கண் என்று வந்திருக்கலாம்.
உன்ர விசில்.
உன்ர கடவுளாணை என்றுகூட.

அவன் போன இடத்துக்கு வேறு ஆளை இறக்க முடியாது.
கடைசிவரை பத்துப் பேர்.
இடது பக்கம் அப்படியே கிடந்தது,
எதிரணிகூடக் கொஞ்ச நேரம்
அதற்குள் ஓடத் தயங்கியது.

பன்னிரண்டாம் கூட்டில்
"உன்ர" என்று எழுதுகிறேன்.
மிச்சக் கூட்டை விடுகிறேன்.
தாளைத் தூக்கிப் பார்க்கிறேன்,
கரி மூன்று பிரதியிலும்
வெறுமையைப் பிசகாமல் இறக்கியிருக்கிறது.

வியாழன் செயலாளர் மூக்குக்கண்ணாடியை உயர்த்துவார்.
"மிச்சம் எங்கை காணும்?"