மூன்று நாள் அகலம்

வற்றாப்பளைப் பொங்கலுக்கு முதல் கிழமை
குலேந்திரன் அதை அரிசிப் பையில் கொண்டுவந்தான்.
மூச்சுக்கு இரண்டு ஓட்டை.
வைரி. பெட்டை.
வலச் சிறகில் ஐந்து, இடச் சிறகில் நான்கு இறகுகளை
பள்ளிக்கூடப் பிள்ளைக்கு முடி வெட்டுவதுபோல
நேராகக் கத்தரித்திருந்தான்.
"பதினேழு குஞ்சு, தங்கச்சி.
கொல்ல மனம் வரேல்லை."

வனசீவராசிக் கந்தோர்க்காரர் போனில் சொன்னார்:
வெட்டின இறகு வளராது.
தண்டு தானாக விழவேணும், புதிசு முளைக்கவேணும்.
ஐப்பசி மட்டும் வைச்சிருங்கோ.
தொடாமல் வைச்சிருங்கோ.

பழைய குசினிக் கொட்டிலை வெறுமையாக்கினேன்.
சன்னலுக்கு உள்ளே மீன்வலை கட்டினேன்.
கம்பி என்றால் முளைக்கிற இறகு அடிபட்டு ஒடியும்.
இருக்கும் தடிக்குக் கால்மிதி சுற்றினேன்.
குளிக்க ஒரு தாச்சி.
வயல் எலி, ஓணான், தோலோடும் எலும்போடும்.
கேக்குக்கு மா நிறுக்கும் தராசில்
எலி வாலை வைத்தால் தானே வந்து ஏறும்.
நூற்று எழுபத்தொரு கிராம்.
பெயர் வைக்கவில்லை,
எடையை மட்டும் கலண்டரில் எழுதினேன்.

சோளகம் பிடித்த அன்று முதல் தண்டு விழுந்தது.
மறுநாள் மற்றச் சிறகில் அதே இடத்தது.
எங்கள் சங்கக் கடையில்கூட
இவ்வளவு நேர்மையான கணக்கு இல்லை.

முளைக்கிற இறகு ஒரு நீலக் குழாய்.
உள்ளே இரத்தம் ஓடும்.
அந்த நாட்களில் அவள் யாரையும் பார்க்க விரும்பமாட்டாள்.
செருப்பைக் கழற்றி, எலியை வைத்துவிட்டு
முதுகு காட்டாமல் பின்பக்கமாகவே வெளியே வருவேன்.
கோயிலில்கூட நான் அப்படி நடந்ததில்லை.

ஆவணியில் எனக்கு டெங்கு.
மாஞ்சோலை ஆஸ்பத்திரி, ஆறு நாள்.
திறப்பைக் குலேந்திரனிடம்தான் கொடுத்தேன்,
பக்கத்து வளவு அவனுடையது.
முதல் நாள் பாண் வைத்தான்.
இரண்டாம் நாள் தேத்தண்ணியில் நனைத்த பாண்.
மூன்றாம் நாள் சோறும் கருவாட்டுக் குழம்பும்.
நாலாம் நாள் விடியத் தன் கூட்டுக்குள் போய்
ஒரு குஞ்சைப் பிடித்தான்.
"கண்ணை மூடிக்கொண்டுதான் திருகினனான்.
பிறகு ஒவ்வொரு நாளும் ஒண்டு.
பதினேழு இப்ப இருபது, எழுதி வை."

புரட்டாதியில் அவள் வெயிலுக்குச் சிறகு விரித்தபோது
புது இறகின் குறுக்கே கண்டேன்:
மெலிந்த, ஒளி ஊடுருவும் ஒரு கோடு.
பசித்த நாளை இறகு அப்படி வைத்திருக்கும்.
மூன்று நாள் அகலம்.

மாங்குளத்தில் பல் டொக்டரும்
என் முன்பல் இரண்டிலும் ஈறுக்குக் கிட்ட ஓடும்
வெள்ளைக் கோட்டைக் கண்டு கேட்டவர்:
"மூண்டு நாலு வயசிலை கடும் வருத்தம் ஏதும் வந்ததோ?"
அந்த வயது எனக்கு எந்த வருசம் என்று
அவர் எண்ணிப் பார்க்கவில்லை.
ஓம் டொக்டர், காய்ச்சல் என்றேன்.
வாயைத் திறந்து வைத்துக்கொண்டு
அதற்குமேல் சொல்ல முடியாது.

ஐப்பசி இரண்டாம் மழைக்குப் பிறகு
எங்கே விடப்போகிறாய் என்று கேட்டான்.
கனகராயன்குளக் காடு.
"அது காணாது" என்றான்.
பிறகு அவனே மோட்டச்சைக்கிளை எடுத்தான்.
மடியில் பிஸ்கட் பெட்டியோடு நான்.

மூடியைத் திறந்தோம்.
கொஞ்ச நேரம் இருந்தாள்.
பிறகு பாலை மரம்தான் இருந்தது.

அந்தக் கோட்டில் இறகு முறியலாம்.
முறியாவிட்டால் வருகிற சோளகத்தில்
யாரும் பார்க்காத ஓரிடத்தில் விழும்.
அவளுக்கு வருசா வருசம் உண்டு.
பல்லுக்கு ஒரே தரம்தான், எனக்கு அது முடிந்துவிட்டது.

பேணிக்குள் வெட்டுத் தண்டுகள் ஒன்பது.
ஒன்றைத் தா, காது குடைய என்று வந்தான் குலேந்திரன்.
அறுநூறு கோழி வைத்திருக்கிறாய்,
உனக்கு இறகுக்குப் பஞ்சமோ என்றேன்.
நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.
கொடுத்தேன்.
சட்டைப் பையில் குத்திக்கொண்டு போனான்.