பெரட்டுக்குப் பறக்கும் லோரி

பாடாங் செராயில் பள்ளியை இடம் மாற்றுகிறார்கள்.
அலமாரிக்கு அடியில் கரையான் மீதம் வைத்த
நாற்பத்தொரு ஓவியங்கள்
ஸ்கேன் செய்ய என் கைப்பேசிக் கடைக்கு வந்தன.
ஆண்டு ஆறு, 1992.
தலைப்பு: இரண்டாயிரத்து இருபதில் நம் நாடு.

முப்பத்தெட்டில் கார் பறக்கிறது.
ஒன்றில் வெறும் மழை.
அந்தோணிராஜ் என்ன தலைப்புக் கொடுத்தாலும்
மழைதான் வரைவான்.
ஒன்றில் என் பெயர்:
ஊசி போடாமல் காய்ச்சலை இறக்கும் இயந்திரம்.
அந்த வாரம்தான் எனக்கு ஊசி போட்டிருந்தார்கள்.

கடைசியாக வந்தது சந்திரவதனியுடையது.
பறப்பது கார் இல்லை, லோரி.
தோட்டத்து லோரியேதான்,
அதே நசுங்கிய பின்கதவு, அதே நம்பர்.
சக்கரம் இருந்த இடத்தில் கோழிச் சிறகு.
உள்ளே நெற்றி விளக்கோடு பெண்கள்,
மடியில் பால்வாளி.
நிலா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கடிகாரம்:
ஐந்து மணி.

மழைக்காலத்தில் லோரி புதையும்.
பெண்கள் இறங்கித் தள்ளுவார்கள்.
அவள் அம்மா எப்போதும் இடது சக்கரத்துப் பக்கம்,
முழங்கால்வரை செம்மண்.
பறந்தால் சேறு இல்லை.
அவ்வளவுதான் அவள் விஞ்ஞானம்.

ஆனாலும் லோரியை மரத்துக்கு மேலே தூக்கியவளுக்கு
பெரட்டு மணியை ஏழுக்குத் தள்ளத் தோன்றவில்லை.

கிராணி நல்லபெருமாளும் ஆரூடம் சொல்வார்:
'அடுத்த வருசம் மெஷினே மரம் வெட்டும்.'
கூலி உயர்வு கேட்ட மாதங்களில் மட்டும் சொல்வார்.
பதினான்கு வருடம்
அது அடுத்த வருசமாகவே இருந்தது.
மெஷின் வரவில்லை.
கேட்பவர்கள் குறைந்தார்கள்.
பிறகு ஒரு நாள் பால்மரமே இல்லை,
மலைச்சரிவு முழுக்கச் செம்பனை.
அதை நாற்பத்தொரு பேரில்
ஒருவரும் வரையவில்லை,
கிராணியும் சொல்லவில்லை.

என்னை மட்டும் விட்டுவிடக்கூடாது.
'அடுத்த போன் எப்படிண்ணே?' என்பார்கள்.
'சார்ஜே போட வேண்டாம், கைக்குட்டை மாதிரி மடிக்கலாம்'
என்று தயங்காமல் சொல்வேன்.
முன்பணம் ஐம்பது வெள்ளி.

இப்போது செம்பனைக்கு மேலே
நிஜமாகவே ஒன்று பறக்கிறது.
பூச்சிமருந்து தெளிக்கிற ட்ரோன்.
பங்களாதேஷ் பையன் ஒருவன் கீழே நின்று
அண்ணாந்து ஓட்டுகிறான்.
அதில் யாரும் ஏற முடியாது.

ஓவியத்தைச் சந்திரவதனிக்கு அனுப்பினேன்.
ஜொகூரில் இருக்கிறாள்,
வேலை சிங்கப்பூரில், சிப்பு செய்கிற தொழிற்சாலை.
இரண்டு நாள் பதில் இல்லை.
மூன்றாம் நாள் குரல்பதிவு.
பின்னணியில் பஸ் இரைச்சல், யாரோ கொட்டாவி விடுகிறார்கள்.

'லோரி தப்பு. சிறகும் தப்பு.
மணி மட்டும் கரெக்டா போட்டிருக்கேன், பாத்தியா?'

அனுப்பிய நேரத்தைப் பார்த்தேன்.
நான்கு ஐம்பத்தெட்டு.