நிக்கலும் குரோமும்

ஞாயிறு காலை. பெரம்பூரில், ரயில்வே லைனுக்குப் பின்னால்
நோரீன் ரொசாரியோவின் சாப்பாட்டு மேஜை.
பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பில் மல்லாந்து கிடக்கிறது
அறுபத்து நாலாம் வருஷத்துச் சிவப்பு கிட்டார்.
கூடப் பிறந்தது எது, வந்து ஒட்டினது எது
என்று சொல்லத்தான்
பரணீதரன் என்னைக் கூட்டிவந்திருக்கிறான்.
ஆயிரம் ரூபாய். ஆட்டோ தனி.

முதலில் திருகுகள்.
காசிமேட்டு உப்புக் காற்று ஆள் பார்த்து வீசாது.
எல்லாம் ஒரே மாதிரி துருவேறியிருந்தால் எல்லாம் ஒரு வயிறு.
நடுவில் ஒன்று மட்டும் பளிச்சென்றால்
அது பாரிமுனையில் சில்லறைக்கு வாங்கியது.
இங்கே எல்லாம் துரு. நல்லது.

கீயைக் கழற்றினால் கட்டையில் அதன் நிழல்,
வெயில் படாத வார்னிஷ்.
நிழலுக்கும் தகட்டுக்கும் மயிரிழை வித்தியாசமில்லை.
தீக்குச்சி செருகி அடைத்த பழைய ஓட்டை
தேடியும் கிடைக்கவில்லை.
வால்யூம் குமிழுக்கடியில் குத்தின எண்
வருஷத்தையும் வாரத்தையும் சொல்கிறது.
ஈயப் பற்று சாம்பலாய் மங்கியிருக்கிறது.
"யாரும் கை வைக்கலை" என்றேன்.
பரணீதரன் செருப்பில்லாத காலால் தாளம் போட்டான்.

பிறகு பிரிட்ஜ்.

நிக்கலுக்கு வயசானால் ஆறின பால்மேல் ஆடைபோல மங்கும்.
குரோமுக்கு மங்கத் தெரியாது,
நீலமாய்ச் சிரிக்கும், ஒருநாள் உரியும்.
இது சிரித்தது.
திருப்பினேன். மூன்றாவது சேடிலின் அடியில்
அரம் வழுக்கின கோடு.
இடக்கைக்காரன் ராவினால்தான்
கோடு அந்தப் பக்கம் சாயும்.

டார்ச்சை வலக்கைக்கு மாற்றிக்கொண்டேன்.

தொண்ணூற்றொன்று.
புளியந்தோப்புக் கடை அட்வான்ஸில் ஆயிரத்து முந்நூறு இடித்தது.
சர்வீஸுக்கு வந்திருந்தது கிளைவ் ரொசாரியோவின் கிட்டார்.
பிரிட்ஜ் ஒரு கப்பல்காரனுக்குப் போயிற்று.
பித்தளையில் ஒன்று கடைந்து
வியாசர்பாடியில் முலாம் முக்கி
மாட்டி அனுப்பினேன், சர்வீஸ் சார்ஜும் வாங்கினேன்.

டீயை வைத்தபடி நோரீன் சொல்கிறார்:
"கிளைவ் சொல்லிட்டே இருப்பார்,
உங்க கை பட்டப்புறம்தான் ட்யூன் நிக்குதுன்னு.
அந்த கிறிஸ்மஸுக்குக் கேக் கூட அனுப்பினோமே, ஞாபகம் இருக்கா?"

இருக்கிறது. முந்திரி நிறைய.

"பிரிட்ஜ் என்ன சார்?"
ஒரிஜினல் என்றால் இவன் ஏமாறுவான்.
இல்லையென்றால் நாற்பதாயிரம் குறைப்பான்,
இந்த வீட்டில் நான் இரண்டாம் முறை எடுத்ததாகும்.

"மாத்தினது" என்றேன்.
அவன் செல்போனில் கழித்துப் பார்த்தான்.
"யாரு மாத்தினதுன்னு ஏதாவது தெரியுதா?"

நோரீன் கப்பை என் பக்கம் நகர்த்துகிறார்.
டீ ஆறுகிறது.
எந்தக் கையால் எடுப்பது.